சமக்குறி போடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

உதகைக்குப் பக்கத்தில் தலைக்குந்தாவில் இருக்கிறோம். மகள் ஒன்றாம் வகுப்பு. வீட்டில் படுக மொழிதான் பேசுவோம். தமிழ்ச் சொல்வளம் கூடட்டும் என்று தினமும் ஒரே பொருள் தரும் பத்துச் சொற்களை நோட்டில் எழுத வைக்கிறேன். 'பனி = மஞ்சு = மூடுபனி' என்கிற மாதிரி. கடகடவென்று ஒப்பிக்கிறாள். மறுநாள் கேட்டால் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். பேச்சில் ஒன்றுகூட வருவதில்லை. அந்தக் காலத்தில் ஒரு பொருளுக்குப் பல சொற்களைத் தொகுத்துச் சொல்லும் நிகண்டை மனப்பாடம் செய்யவில்லையா? எந்த வயதில் இதைத் தொடங்க வேண்டும்? படஅட்டை வாங்கலாமா, செயலி நல்லதா? வீட்டிலும் இனி தமிழ் மட்டும் பேசலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

குழந்தை பேசத் தொடங்கிவிட்டால் வயது பார்க்க வேண்டாம். அட்டையை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம். செயலி வேண்டவே வேண்டாம். இவற்றை இதோடு விட்டுவிடுகிறேன். உங்கள் நோட்டில் இருக்கும் அந்தச் சமக்குறியைப் பற்றித்தான் பேச வேண்டும். பயிற்சி நூல்களிலும் வகுப்பறைச் சுவர்களிலும் அதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலில் இருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பனியும் மஞ்சும் மூடுபனியும் ஒன்றா? தலைக்குந்தாவில் உட்கார்ந்துகொண்டா இதை எழுதினீர்கள்? டிசம்பர், ஜனவரியில் மேகமே இல்லாத இரவில் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். விடிந்து பார்த்தால் தாழ்வான புல்வெளி மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். அது உறைபனி. விரல் பட்டால் பொடியும், வெயில் பட்டால் நீராகும், தேயிலைமேல் படிந்தால் இலை கருகும். உறையாமல் புல் நுனியில் உருண்டு நிற்பது பனித்துளி. எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரிகிறது, கண்ணிமை ஈரமாகிறது என்றால் மூடுபனி. மலைமேல் தவழும் வெண்மேகம் மஞ்சு. ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய் ஒவ்வொரு நாள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட வேண்டியவை இவை. இத்தனையையும் நடுவில் இரண்டு கோடு போட்டு ஒன்றாக்கிவிட்டீர்கள்.

அவள் மாற்றிச் சொல்வதற்கு ஞாபகமறதி காரணமில்லை. அவளைத் திட்டாதீர்கள். ஒரே வட்டத்தைச் சேர்ந்த புதுச் சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால் அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். தெரிந்த சொல் ஒன்று, அதன் பக்கத்தில் புதுச்சொல் ஒன்று, அவ்வளவுதான். 'மழை' தெரியுமா, 'தூறல்' கொடுங்கள். அது அவள் வாயில் தானாக வந்த பிறகு 'சாரல்'. வாரத்துக்கு இரண்டு சொல் தாராளம். மறுநாள் ஒருமுறை, இரண்டு நாள் விட்டு ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை அது அவள் காதில் விழ வேண்டும். பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லில் தொடங்குவது சுலபம். பார், எட்டிப்பார், உற்றுப்பார், முறை என்று செய்தே காட்டிவிடலாம்.

அடுத்தது பொருத்திப் பார்ப்பது. 'வீடு', 'இல்லம்' என்று இரண்டு அட்டை. இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே இடத்தில் வைத்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வீட்டுப்பாடம் சரி, இல்லப்பாடம்? சிரிப்பாள். முதியோர் இல்லம் சரி, முதியோர் வீடு? இடிக்கும். தண்ணீரும் நீரும் அப்படித்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்போம். ஆனால் வெந்நீர், கண்ணீர் என்னும்போது தண்ணீருக்கு அங்கே இடமில்லை. இரண்டும் பொருந்தும் இடம் ஒன்று, ஒன்று மட்டும் பொருந்தும் இடம் இரண்டு என ஒரு நாளைக்கு மூன்று போதும், பத்து நிமிடம். அவள் சிரிக்கிற இடத்தில் பாடம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிகண்டுக்கு வருகிறேன். திண்ணைப் பள்ளியில் ஓதினார்கள், உண்மை. சூடாமணி நிகண்டு விருத்தப்பாவில் இருப்பதே மனப்பாடத்துக்கு வசதி. ஆனால் அது செய்யுள் படிக்கவும் இயற்றவும் போகிறவனுக்கான கருவி, பேச்சு பழகுகிற ஆறு வயதுக் குழந்தைக்கானது இல்லை. பழைய ஆதாரம்தான் வேண்டும் என்றால் தொல்காப்பிய மரபியலைப் பாருங்கள். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர்கள் ஒன்பதைச் சொல்கிறது. சொல்லிவிட்டு அதோடு நிறுத்தவில்லை. பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்றுக்கு என்று தொடங்கி, எது எதற்கு உரியது என்று நூற்பா நூற்பாவாகப் பிரிக்கிறது. கோழிக்கன்று, மாட்டுக்குஞ்சு என்று உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள், அவளே திருத்துவாள்.

வீட்டில் தமிழ் மட்டும் பேசலாமா என்று கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பாட்டியிடம் அவள் எந்த மொழியில் கதை கேட்பாள்? பொருள்கள் அவளுக்குப் படுக மொழியில்தான் அறிமுகம். அந்த அறிமுகத்தின்மேல்தான் தமிழ்ச்சொல் ஒட்டும், அதைப் பிடுங்கிவிட்டால் ஒட்ட இடமில்லை. 'வீட்டில் இதை என்ன சொல்வோம், பள்ளியில் என்ன சொல்வார்கள்?' என்று தினமும் கேளுங்கள். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருக்கலாம் என்பது அவளுக்கு எப்போதோ தெரியும்.

நோட்டை இப்போதைக்கு மூடி வையுங்கள். புதுச்சொல்லையும் கற்று, அதில் ழகரமா ளகரமா என்றும் பார்த்து எழுது என்றால், எழுத்துப் பயத்தில் பொருள் நழுவிவிடும். தன் சொந்த வாக்கியத்தில் இரண்டு மூன்று முறை அவளே சொன்ன பிறகு எழுதட்டும். தவறாகச் சொன்னால் 'தப்பு' என்று நிறுத்த வேண்டாம். 'அம்மா, சாரல் மூடியிருக்கு' என்றால், 'ஆமாம், மூடுபனி, ரோடே தெரியல, மெதுவா வா' என்று சரியான சொல்லைப் போட்டுப் பதில் சொல்லிவிட்டு நடங்கள்.