அம்பாசடரும் சலவைச் சோடாவும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எண்டெவர் கப்பலின் பீரங்கிகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 1770-ல் ஆஸ்திரேலியக் கரையோரப் பவளத்திட்டில் மாட்டிக்கொண்ட கப்பலின் எடையைக் குறைக்க கேப்டன் குக் கடலில் தள்ளிவிட்ட ஆறு பீரங்கிகள், 1969-ல் கண்டெடுக்கப்பட்டு மின்பகுப்பு முறையில் துரு நீக்கப்பட்டன என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் அம்பாசடர். அப்பா ஓட்டிய வண்டி. கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு, சுற்றிலும் உப்பளம், காரின் கதி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் டிரம், ஹப், முன்பக்க டார்ஷன் பார், பின்பக்க லீஃப் ஸ்பிரிங், ஜாக்கி, பம்பர், பெட்ரோல் டேங்க் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டிருக்கிறேன்.

யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் சலவைச் சோடா என்கிறார். இன்னொருவர் சமையல் உப்பே போதும், வேகமாக வேலை செய்யும் என்கிறார். எவர்சில்வர் தட்டை மாட்டினால் தேயவே தேயாது என்கிறார் வேறொருவர். எங்கள் தெரு டிங்கரிங் கடைக்காரரோ, “எதுக்கு சார் கரண்டெல்லாம், ஆசிட்ல முக்குங்க, அரை மணி நேரத்துல பளிச்சுனு வந்துரும்” என்கிறார். அருங்காட்சியகத்தில் செய்ததை வீட்டு வாளியில் செய்ய முடியுமா?

ச., தூத்துக்குடி

அன்புள்ள ச.,

முடியும். மெல்பர்ன் ஆய்வகத்தில் அந்தப் பீரங்கிகளுக்கு நடந்ததும் உங்கள் கொட்டகையில் நடக்கப்போவதும் அடிப்படையில் ஒரே வேதியியல்தான். காரத்தன்மையுள்ள ஒரு கரைசல், அதில் மூழ்கிய இரண்டு இரும்புகள். துருப்பிடித்த சாமான் நெகட்டிவில், தியாகம் செய்யப்படும் இரும்பு பாசிட்டிவில். மின்னோட்டம் பாயும்போது நெகட்டிவில் இருக்கும் துரு தன் ஆக்சிஜனில் ஒரு பகுதியை இழந்து மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. பிடி தளர்கிறது. அடியிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் அதை நெட்டித் தள்ளுகின்றன. நல்ல இரும்பு கரைவதில்லை. நெகட்டிவில் இருக்கும்வரை அதற்குக் காவல் உண்டு. ராத்திரி மறந்துபோய்த் தூங்கிவிட்டாலும் பிரேக் டிரம் இளைக்காது.

ஆசிட்டுக்கு அந்த நிதானம் கிடையாது. துரு தீர்ந்ததும் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். டிங்கரிங் கடைக்காரர் சொல்வது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டாகத்தான் இருக்கும். அவர் சொல்வதுபோல அரை மணியில் பளிச்சென்று வரும் என்பது உண்மைதான். அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி துருப்பதும் உண்மை. அதற்குக் காரணம் அந்த ஆசிட்டிலேயே இருக்கும் குளோரைடு.

உங்கள் ஊருக்கு இந்தக் குளோரைடு விவகாரம் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உப்புக்காற்றில் பிடிக்கும் துரு, உள்நாட்டு மழைத்துருவைப் போன்றதல்ல. உப்பின் குளோரைடு துருவின் அடிவரை இறங்கி, இரும்பும் துருவும் சந்திக்கும் இடத்தில், சின்னச் சின்னக் குழிகளுக்குள் பதுங்கிவிடுகிறது. மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்துவிடலாம். ஈரம் பட்டதும் குழிக்குள் இருப்பது வேலையைத் தொடங்கிவிடும். கடலோர ஊர்களில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடலுக்கடியில் இரண்டு நூற்றாண்டு கிடந்த பீரங்கிக்கும் இதே நோய்தான், முற்றிய நிலையில். அருங்காட்சியகக்காரர்கள் மின்பகுப்பை நம்புவது பளபளப்புக்காக அல்ல. குளோரைடு எதிர்மின்னூட்டம் கொண்டது. மின்புலத்தில் அது பாசிட்டிவ் முனையை நோக்கி இழுபடும். இரும்பின் குழிக்குள்ளிருந்து உப்பு வெளியே வருகிறது. அவர்கள் கரைசலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொரு முறையும் அதில் எவ்வளவு குளோரைடு வந்திருக்கிறது என்று அளப்பார்கள், வருவது நின்ற பிறகுதான் இரும்பை வெளியே எடுப்பார்கள். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும்.

இப்போது அந்த யூடியூப்காரர் உங்களிடம் கரைசலில் உப்பைப் போடச் சொல்கிறார்! வெளியே இழுக்க வேண்டியதை உள்ளே கொட்டச் சொல்கிறார். வேகமாகக் குமிழி வரும்தான், உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் பாசிட்டிவில் இரும்பு இருந்தால் அது கிடுகிடுவென்று கரைந்து வாளி முழுக்கச் சேறாகும். கார்பன் கம்பி இருந்தால் குளோரின் வாயு கிளம்பி மூக்கை எரிக்கும். போதாக்குறைக்கு, உங்கள் சாமான் வாளியைவிட்டு வரும்போதே அடுத்த துருவுக்கான விதையோடு வரும். உப்பு வேண்டாம். கரிப்பான போர் தண்ணீரும் வேண்டாம். மழைநீர் பிடித்துவைத்திருந்தால் அது, இல்லாவிட்டால் நல்ல தண்ணீர்.

சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட், மளிகைக் கடையில் கிடைக்கும். ஆப்ப சோடாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கு போதும். அதற்குமேல் கொட்டுவதில் பெரிய லாபம் இல்லை. காஸ்டிக் சோடாவும் வேலை செய்யும், ஆய்வகங்களில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தால் பார்வை போகலாம். வீட்டில் அது எதற்கு?

எவர்சில்வர் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். அது தேயாது என்பது பாதி உண்மை. தேயும் கொஞ்சத்தில் குரோமியம் இருக்கிறது. பாசிட்டிவ் முனையில் அது ஆறிணைதிறன் குரோமியமாக மாறலாம். அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. தோல் பதனிடும் தொழிலும் குரோமியமும் எங்கெல்லாம் நிலத்தடி நீரைக் கெடுத்தன என்று ராணிப்பேட்டைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். தேயாத தட்டு வேண்டும் என்று ஆசைப்படுவதைவிட, தேய்ந்தால் தூக்கிப்போடக்கூடிய இரும்பைப் போடுவது புத்திசாலித்தனம். கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பித் துண்டுகள் போதும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் வேண்டாம்.

பிரேக் டிரம்முக்குப் பெயிண்ட் வாளி பத்தாது, அகலமான பிளாஸ்டிக் டப் வேண்டும். முறுக்குக் கம்பிகளை டப்பின் ஓரமாகச் சுற்றி நிறுத்தி, தண்ணீருக்கு மேலே செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணையுங்கள். செம்பும் கிளிப்பும் தண்ணீருக்குள் போனால் அவையும் கரையும். மின்னோட்டம் பெரும்பாலும் நேர்ப்பார்வையில்தான் வேலை செய்யும்: கம்பிக்கு முகம் காட்டும் பக்கம் சுத்தமாகும், முதுகு அப்படியே இருக்கும். அதனால் டிரம்மின் உட்புறத்துக்காக நடுவில் ஒரு கம்பியைத் தொங்கவிட வேண்டும். சாமானில் ஒரு இடத்தைப் பளபளவென்று தேய்த்து அங்கே நெகட்டிவ் கிளிப்பை மாட்டுங்கள். துருவின் மேல் மாட்டினால் மின்சாரம் பாயாது. கிரீஸை முன்பே மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டு எடுத்திருக்க வேண்டும். ஹப்பில் பேரிங்கும் ஆயில் சீலும் இருந்தால் கழற்றிவிடுங்கள். பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றி மாட்டினால் உங்கள் டிரம்தான் தியாகியாகும், ஒருமுறைக்கு இரண்டுமுறை பாருங்கள்.

மின்சாரத்துக்கு, மெக்கானிக் கடையில் கிடக்கும் பழைய கனமான 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் அருமையானது. புதுசாக வரும் அறிவாளி சார்ஜர்கள் பல, எதிரே பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் வேலைநிறுத்தம் செய்துவிடும். எல்இடி விளக்குகளுக்கு விற்கும் 12 வோல்ட் சப்ளையும் போதும். டப்புக்குப் போகும் மின்சாரம் அதன் வழியாகவே போகும்படி, வரிசையில் ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நாலரை ஆம்பியர் சொச்சத்துக்கு மேல் போகவிடாது. தண்ணீருக்குள் கம்பியும் சாமானும் தற்செயலாக முட்டிக்கொண்டால் சார்ஜர் புகைவதற்குப் பதில் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து உங்களைக் கூப்பிடும். அம்பாசடர்காரர் வீட்டில் பழைய பல்புக்குப் பஞ்சம் இருக்காது என்று நம்புகிறேன்.

ஹைட்ரஜன் வெடிக்குமே என்று வீட்டில் கேட்பார்கள். கணக்குப் பார்க்கலாம். 5 ஆம்பியரில் 8 மணி நேரம் ஓடினால், ஃபாரடேயின் விதிப்படி சுமார் 18 லிட்டர் ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதத்தைத் தொட்டால்தான் அது தீப்பிடிக்கும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரக் கொட்டகையில் ஏறக்குறைய 28,000 லிட்டர் காற்று இருக்கிறது. 18 லிட்டர் அதில் எங்கே என்று தேட வேண்டும். ஆபத்து கொட்டகையில் இல்லை, மூடியில். பூனை விழுந்துவிடும் என்று யாராவது டப்பின் மேல் பலகையைப் போட்டு மூடினால், பலகைக்கடியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சரியான விகிதத்தில் சேர்ந்து காத்திருக்கும். திறந்த வெளியில், மூடாமல், பீடி சிகரெட் இல்லாமல். கிளிப்பைத் தொடும் முன்னால் சுவரில் ஸ்விட்சை அணையுங்கள், அங்கே வரும் பொறிதான் வம்பு. சார்ஜர் ஈரம் படாத மேடையில் இருக்கட்டும்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். டார்ஷன் பாரையும் லீஃப் ஸ்பிரிங்கையும் டப்புக்குள் போடவே கூடாது. யூடியூப்காரர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதைத்தான். நெகட்டிவில் உண்டாகும் ஹைட்ரஜன் எல்லாமே குமிழியாக மேலே போய்விடுவதில்லை. ஒரு பகுதி தனித்தனி அணுக்களாக இரும்புக்குள்ளேயே நுழைகிறது. மிகச் சிறிய அணு அது, எஃகின் அணு அடுக்குகளுக்கு நடுவே நகர்ந்துபோகும். வார்ப்பிரும்பு டிரம், சாதாரண மைல்ட் ஸ்டீல் போன்றவை அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கடினமாக்கப்பட்ட வலுவான எஃகு அப்படியல்ல. டார்ஷன் பாரும் ஸ்பிரிங்கும் அந்த வகை எஃகுதான், அவை எப்போதும் இழுவிசையிலோ முறுக்கிலோ இருக்கின்றன. உள்ளே போன ஹைட்ரஜன் விசை அதிகமுள்ள இடத்தில் கூடுகிறது, எஃகு தன் நெகிழ்வை இழக்கிறது, வளைய வேண்டியது உடைகிறது. அதுவும் மாட்டிய அன்றைக்கே அல்ல. பார்க்க அழகாக, பெயிண்ட் அடித்து, பூஜை போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஒருநாள், முன்னறிவிப்பு இல்லாமல். அம்பாசடரின் முன்பக்க எடையை முறுக்கில் தாங்கிக்கொண்டிருப்பது அந்த டார்ஷன் பார்தான்.

முலாம் பூசும் தொழிற்சாலைகளில் இதற்காகவே, சாமானைத் தொட்டியிலிருந்து எடுத்த சில மணி நேரத்துக்குள் 200 டிகிரியை ஒட்டிய அடுப்பில் வைத்துப் பல மணி நேரம் சுடுவார்கள். உங்கள் வீட்டில் டார்ஷன் பார் நுழையும் அடுப்பு இருக்க வாய்ப்பில்லை. ஆசிட்டும் இதே வேலையைச் செய்யும் என்பதால் அதுவும் மாற்று இல்லை. ஸ்பிரிங் வகைகளுக்குக் கம்பி பிரஷ்தான். தலையில் 10.9, 12.9 என்று வலுவைக் குறிக்கும் எண் போட்ட போல்ட்டுகளுக்கும் இதே விதி; துருவோடு மல்லுக்கட்டாமல் புது போல்ட் வாங்குங்கள். துருக்குழி ஆழமாக விழுந்த டார்ஷன் பாரை எந்த முறையாலும் காப்பாற்ற முடியாது, குழியிலிருந்தே விரிசல் தொடங்கும்.

அலுமினியம் எதுவும் டப்பின் பக்கம் வரக்கூடாது. காரக் கரைசல் அதைக் கரைத்துவிடும். கார்புரேட்டரும் அப்படித்தான். குரோமியம் பூசிய பம்பரைப் போட்டால் துரு போகும், கூடவே பூச்சும் தோல் உரிந்ததுபோலக் கிளம்பும். எப்படியும் மறுமுலாம் பூசக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் அவர்களே பழையதைக் கழற்றிக்கொள்வார்கள். ஜாக்கியைத் தாராளமாகப் போட்டு எடுங்கள், அப்பாவின் ஞாபகமாக டிக்கியில் வையுங்கள். அதை நம்பி வண்டிக்கடியில் மட்டும் படுக்காதீர்கள்.

டிரம் ஓர் இரவில் தயாராகிவிடும். வெளியே எடுத்தால் கறுப்பு மசி பூசியதுபோல இருக்கும், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் ஓடிவிடும். உங்கள் ஊர் உப்புக்காக இன்னொரு சுற்று, புதுத் தண்ணீர் புதுச் சோடாவில், ஓடவிடுங்கள். அருங்காட்சியகம் செய்யும் கரைசல் மாற்றத்தின் ஏழைப் பதிப்பு இது. பிறகு கொதிக்கக் கொதிக்க நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவினால் இரும்பே சூடாகி ஈரத்தை உலர்த்திவிடும். கழுவி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கடற்காற்றில் வெற்று இரும்பு சில நிமிடங்களில் செம்மண் நிறம் காட்டும். பிரைமர் டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கழுவவே ஆரம்பிக்க வேண்டும். டிரம்மின் உள்பக்கத்துக்கு, லைனிங் உரசும் இடத்துக்கு, பிரைமர் கூடாது. லேசாக எண்ணெய் தடவி வைத்து, மாட்டும்போது முழுக்கத் துடைத்துவிடுங்கள். துரு தின்ற இரும்பை மின்சாரம் திருப்பித் தராது. டிரம்மின் உள்விட்டத்தை லேத்துக்காரரிடம் அளக்கச் சொல்லி, எல்லை தாண்டியிருந்தால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் காயலான் கடைக்குத்தான்.

டப்பின் அடியில் தங்கும் சேறு பெரும்பாலும் இரும்புதான். ஆனால் சாமானில் பழைய பெயிண்ட் இருந்திருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். தெளியவைத்து, வண்டலைத் தனியே கட்டி அப்புறப்படுத்துங்கள். கிணற்றடியிலும் வாழை மரத்தடியிலும் ஊற்ற வேண்டாம்.

பெட்ரோல் டேங்க்கைத் தொட்டியாக வைத்தே உள்ளே கம்பியைத் தொங்கவிட்டுச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே மேலே சொன்ன மூடி இயற்கையாகவே இருக்கிறது, கூடவே வருடக்கணக்கில் தகட்டில் ஊறிய பெட்ரோல் ஆவியும். நீங்கள் செய்ய வேண்டாம். டேங்க் வேலை தெரிந்த ரேடியேட்டர் கடையில் கொடுங்கள். கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் மிதவையை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அம்பாசடர் உற்பத்தி நின்றது 2014-ல், தொலைந்தால் தேடி அலைய வேண்டிவரும்.