அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, என்னிடம் ஏன் சொல்லவில்லை?

மேடம், வணக்கம்.

எனக்கு 41 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுக்குப் பூர்வீகம், இப்போது குடும்பத்தோடு கோயம்புத்தூரில் இருக்கிறேன். அம்மா வேலைக்குப் போனதால் என்னை வளர்த்தது அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தைதான். மிஷன் ஸ்கூல் டீச்சர். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அத்தையும் அதை மறுத்ததில்லை, யாராவது கேட்டால் "எனக்கு நாப்பது பிள்ளைங்க இருக்கு, போதும்" என்று வகுப்பைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார். நான்கு வருடத்துக்கு முன்னால் காலமானார்.

வரும் மே மாதம் குடும்பம் முழுவதும் ஊரில் கூடுகிறோம், அதற்கு ஒரு வம்ச வரலாறு புத்தகம் போடுகிறோம். தேதிகளைச் சேகரிப்பது என் பொறுப்பு. எங்கள் சர்ச்சின் சேகர குருவானவரிடம் (பாதிரியார்) அனுமதி வாங்கி, சித்தப்பா கல்யாணத் தேதியைத் தேடிப் பழைய திருமணப் பதிவேட்டைப் புரட்டியபோது 1967இல் அத்தையின் பெயர் இருந்தது. மணமகன் வயது 27, குமாஸ்தா. மணமகள் வயது 24, ஆசிரியை. அப்பா ஊரில் இல்லாதபோது என் ராங்க் கார்டில் அத்தை போடுவாரே, அதே கையெழுத்து, கடைசி எழுத்தை இழுத்து அடியில் ஒரு கோடு. சாட்சிகளில் இரண்டாவது கையெழுத்து அப்பாவுடையது!

அப்பாவுக்கு இப்போது 79. சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் கேட்டேன். "செத்தவள எதுக்குத் தோண்டுத?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனவர், அதற்கப்புறம் சரியாகப் பேசுவதில்லை. மாப்பிள்ளை ஒரு வருடத்துக்குள் பம்பாய் போனார், திரும்பவே இல்லை என்று ஒரு பெரியம்மா சொல்கிறார். "ஹிஸ்டரிதானே, புக்ல போட்டுருவோம்" என்கிறான் பெரியப்பா மகன்.

எனக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். அம்மாவிடம் சொல்லாததைக்கூட அத்தையிடம் சொல்லியிருக்கிறேன், என் காதல், அது முறிந்தது, எல்லாம். அவர் மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. செத்துப்போனவர்மேல் கோபம் வருகிறது, உடனே அழுகை வருகிறது. ராத்திரி தூக்கம் கெடுகிறது. நான் அறிந்த அத்தை யார்?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களை வளர்த்த அத்தை பொய்யில்லை. நீங்கள் அவரிடம் எல்லாம் சொன்னது நீங்கள் பிள்ளை, அவர் பெரியவர் என்ற உறவில். அந்த உறவில் ரகசியம் கீழிருந்து மேலேதான் போகும், மேலிருந்து கீழே அபூர்வமாகத்தான் வரும். நீங்கள் உங்கள் பிள்ளைகளிடம் அந்த முறிந்த காதலைச் சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள், அதற்காக அவர்களை நம்பவில்லை என்று ஆகிவிடுமா?

அப்புறம், அத்தையின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெரியம்மா சொல்வது உண்மை என்றால் (செவிவழிச் செய்திதான், மறக்க வேண்டாம்), அவருக்கு வெளியே வர வழி அநேகமாக இல்லை. கிறிஸ்தவர்களுக்கு அப்போது இருந்தது 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டம். கணவன் விட்டுவிட்டுப் போனான் என்பதை மட்டும் வைத்து மனைவி விவாகரத்து வாங்க முடியாது. அவன் இன்னொருத்தியோடு இருக்கிறான் என்பதையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெறும் கைவிடலுக்குக் கிடைத்தது நீதிமன்றப் பிரிவினை மட்டும், அதில் திருமணம் அப்படியே இருக்கும். பரஸ்பர சம்மதத்தோடு பிரியும் வழி 2001இல்தான் வந்தது, உங்கள் கணக்குப்படி அப்போது அத்தைக்கு 58 வயது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்து, ஊரே சாப்பிட்டுப் போன கல்யாணம், அதே ஊரில் அதே கோயிலில் ஒவ்வொரு வாரமும் போய் உட்கார வேண்டும். "வாழாவெட்டி" என்ற பேரைவிட "வேண்டாம்னு இருந்துட்டா" என்ற பேர் எவ்வளவோ மேல் இல்லையா? அந்தப் பேரை அவரே தேர்ந்தெடுத்தாரா, வீட்டார் கொடுத்தார்களா, தெரியாது. ஆனால் அந்தப் பேரோடு தலைநிமிர்ந்து வேலை பார்த்திருக்கிறார்.

இப்போது அப்பா. நீங்கள் அவரை ரகசியம் காக்கும் ஆளாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டாவது கையெழுத்துதான் கண்ணில் படுகிறது. 21 வயதில், அக்காவின் கல்யாணத்துக்குச் சாட்சி. அது கெட்டுப்போனபோது தம்பி மனதில் என்ன ஓடியிருக்கும்? மாப்பிள்ளையை விசாரித்ததில் அவருக்கும் பங்கு இருந்ததோ என்னவோ. 79 வயதில் தட்டைத் தள்ளுகிற கோபம் பெரும்பாலும் எதிரில் இருப்பவர்மேல் வருவதில்லை.

அதனால் "ஏன் மறைச்சீங்க" என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். பதிவேட்டு நகலையும் நீட்ட வேண்டாம், அது விசாரணை மாதிரி ஆகிவிடும். ஊருக்குப் போகும்போது அவரும் நீங்களும் மட்டும் இருக்கிற நேரமாகப் பார்த்து, கல்யாண நாளைப் பற்றிக் கேளுங்கள். அத்தை என்ன சேலை கட்டியிருந்தா, பந்தி எங்கே நடந்தது, நீங்க அன்னைக்கு என்ன வேலை பார்த்தீங்க. சந்தோஷமான பாதியிலிருந்து ஆரம்பித்தால் வயதானவர்கள் மீதியைத் தாங்களாகவே சொல்வதுண்டு, துண்டு துண்டாக, சில சமயம் மாதங்கள் கழித்து. "அத விடு" என்றால் விட்டுவிடுங்கள், அது அவர் உரிமை.

புத்தக விஷயத்தில் உங்கள் அண்ணனோ தம்பியோ, அவர் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. அப்பா சரி என்றால் வருடம், கோயில் பெயர், அவ்வளவு போதும். பம்பாய் கதை வேண்டாம், அந்த மனிதருக்கு எங்காவது பேரன் பேத்திகள் இருக்கலாம். அப்பா வேண்டாம் என்றால் திருமண விவரம் உள்ள இடத்தை வெறுமனே விடுங்கள். ஆனால் "மணமாகாதவர்" என்று மட்டும் அச்சடிக்காதீர்கள், தெரிந்தே எழுதுகிற பொய்க்கு நீங்கள் பொறுப்பாக வேண்டாம். பள்ளிக்கூட வருடங்களை விரிவாக எழுதுங்கள், அவரிடம் படித்தவர்கள் இன்னும் ஊரில் இருப்பார்கள், போய்க் கேளுங்கள்.

அழுகை வந்தால் அழுங்கள். கோபமும் துக்கத்தில் ஒரு பாதிதான், நான்கு வருடம் கழித்து இரண்டாவது தடவை அத்தையை இழந்த மாதிரி இருக்கிறது உங்களுக்கு. ஆனால் தூக்கம் இன்னும் சில வாரங்களுக்கு இப்படியே கெட்டால், கோயம்புத்தூரிலேயே ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள், மே மாதம் வரை தள்ளிப்போடாமல்.