விரிவுரையாளர் பணியை விட்டு விலக விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

கடல்சார் உயிரியலில் முனைவர் பட்டம் பெற்று அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் பணியாற்றிவரும் தங்கள் மகள், அப்பணியை விட்டுவிட்டு நம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பகுதியில் கடல்பாசி வளர்ப்பு நிறுவனம் ஒன்றில் சேர விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். "டாக்டர் பட்டம் வாங்கியது பாசி வேலைக்குப் போகவா?" என்று தாங்கள் கேட்டிருப்பதில் கோபத்தைவிடக் கவலையே மிகுதியாகத் தெரிகிறது. கவலைப்படுவது நியாயந்தான், ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

தாங்கள் அரசு வேலை என்று குறிப்பிடும் பணி நிரந்தரப் பணி அன்று. மாதம் 25,000 ரூபாய் வீதம் ஆண்டில் பதினொரு மாதம்தான் ஊதியம், மே மாதம் கிடையாது என்று தாங்களே எழுதியிருப்பதன்படி கணக்கிட்டால், ஆண்டு வருமானம் 2,75,000 ரூபாய். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே வழிகாட்டியிருக்கிறது; அதே பாடத்தை நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமோ 57,700 ரூபாய். நிரந்தரப் பணிக்காகக் காத்திருக்கலாமே என்பீர்கள். ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டதும், பின்னர் தேர்வு தள்ளிப்போனதும் தங்கள் மகளுக்கு நன்கு தெரியும். பாடம் நடத்துவதுடன் விடைத்தாள் திருத்தம், அகமதிப்பெண் பதிவேற்றம், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' குழு வருகைக்கான கோப்புகள் என்று வாரம் முழுவதும் கரைந்துபோக, தாம் எதற்காகக் கடலைப் படித்தாரோ அந்த ஆய்வுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே மிஞ்சும் நிலையில் ஒருவர் சலிப்படைவதைப் பொறுமையின்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி, பாசி வேலை என்று தாங்கள் ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிய பணியைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். பாக் நீரிணைப் பகுதியில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் பாசியைப் பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில், கயிறுகளில் துண்டு துண்டாகக் கட்டிக் கடலில் விட்டால், ஏறத்தாழ 45 நாளில் அறுவடைக்கு வரும். பார்க்க எளிமையான தொழில்தான். ஆனால் ஒரே பாசியிலிருந்து மறுபடி மறுபடி துண்டு எடுத்து நடுவதால் நாளடைவில் விதைப்பாசியின் வீரியம் குறைகிறது. நீர் சூடேறும் மாதங்களில் கிளைகள் வெளுத்து முறிகின்றன. ஓரா மீன்கள் குருத்தைக் கடித்துவிடுகின்றன. வெளுப்பு நோயா, மீன் கடித்த காயமா, நீரின் உப்புத்தன்மை மாறியதன் விளைவா என்று பிரித்தறிந்து, மிதவையை நம்பி வாழும் பெண்களிடம் அவர்களுக்குப் புரியும்படி சொல்ல, படித்தவர் ஒருவர் வேண்டும். மேலும், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த இந்தப் பாசி மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகளின் மேல் படர்ந்ததும் அறிவியல் உலகில் பதிவானதே. எங்கே மிதவை போடக்கூடாது என்று நிறுவனத்துக்குள்ளேயே எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் அங்கு இருப்பது மன்னார் வளைகுடாவுக்கும் நல்லது. நம் மாவட்டத்தின் வலமாவூரில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டிருப்பதால், இத்துறையில் அனுபவம் பெற்றவர்களுக்குத் தேவை கூடும் என்று நான் கருதுகிறேன்.

இதனால் தங்கள் மகள் நினைப்பதெல்லாம் சரி என்று பொருளில்லை. கல்லூரியை விட்டால் மாலைப் பொழுதும் நிம்மதியும் தாமாகவே வந்துவிடும் என்று அவர் எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். கடல் வேலைக்கு விடியற்காலையும் உண்டு, ஞாயிறும் உண்டு. வாடைக்காற்று வீசும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பாக் நீரிணையில் மிதவை நிற்காது. அப்போது அவருக்கு என்ன வேலை, முழு ஊதியம் உண்டா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா, படகில் செல்லும் நாட்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்பவற்றை வாய்மொழியாக அன்றி நியமனக் கடிதத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். தயங்கும் நிறுவனமானால், அந்தத் தயக்கமே போதுமான பதில். அதே நிறுவனத்தில் ஏற்கெனவே பணிபுரியும் ஒருவரிடம் சென்ற ஆண்டு கார்த்திகை மாதம் எப்படிப் போயிற்று என்று கேட்பது, மேலாளரிடம் பத்துக் கேள்வி கேட்பதைவிடப் பயன்தரும்.

விலகுவதாக முடிவானால், பருவத்தின் நடுவில் மாணவர்களை விட்டுவிட்டு வராமல், ஏப்ரலில் பருவத்தேர்வு முடிந்தபின் வருவதே முறை. மே மாத ஊதியம் எப்படியும் இல்லாததால் அதில் இழப்பும் இல்லை. புறப்படும் முன் பணி அனுபவச் சான்றிதழைப் பெற்று, கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநரின் மேலொப்பமும் வாங்கிவிடச் சொல்லுங்கள். பின்னாளில் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்க நேர்ந்தால், அந்தத் தாளுக்காக அலைபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முனைவர் பட்டம் காலாவதியாவதில்லை. ஆண்டுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரையாவது எழுதிவந்தால், கல்லூரிக்குத் திரும்பும் வழி அடைபடாது.

திருமணப் பேச்சில் பேராசிரியர் என்று சொன்னால் எடுப்பாக இருக்கும் என்ற தங்கள் துணைவியாரின் ஆதங்கத்தையும் குறிப்பிட்டிருந்தீர்கள். வரன் பார்ப்பவர்களில் கௌரவ விரிவுரையாளருக்கும் நிரந்தரப் பேராசிரியருக்கும் உள்ள வேறுபாட்டை விசாரிக்காதவர்கள் இன்று குறைவு என்பதை அம்மையாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

நியமனக் கடிதத்தின் நகல் கிடைத்ததும், மகள் ஒப்பமிடும் முன் எனக்கு ஒருமுறை அனுப்பி வையுங்கள். கடலுக்குச் செல்லும் நாட்கள் பற்றிய பகுதியையும், விலகல் அறிவிப்புக் காலம் பற்றிய பகுதியையும் மூவரும் சேர்ந்து படித்துப் பார்த்துவிடுவோம்.