குறைந்த செலவில், வீட்டில் கிடக்கும் பொருட்களை வைத்தே பிள்ளையின் அறையை மாற்ற முடியுமா?

முடியும். போன பள்ளி விடுமுறையில் எட்டு வயது மகளுக்காக இதைத்தான் செய்தோம். நாங்கள் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு மலிவு விலை வீட்டில். அறை பத்துக்குப் பத்து அடி. ஒதுக்க முடிந்தது 200 வெள்ளி (ரிங்கிட்).

கேள்வி கேட்டவர் செலவைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறார். நான் அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய பொருள் எதுவானாலும், முன்பு அது எங்கே இருந்தது, அதில் என்ன இருந்தது என்று தெரிந்த பிறகே பிள்ளையின் அறைக்குள் விடுங்கள். இதை நான் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

மாமியார் முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் இருந்த லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, இடித்தபோது என் வீட்டுக்காரர் ஒரு கதவைக் கொண்டுவந்து வைத்திருந்தார். நல்ல கனமான பலகை. அதை மகளுக்குப் படிக்கும் மேசையாக்கலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே ஒரு மங்கிய காவி. தேய்க்கத் தேய்க்கத் தூள் பறந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் அந்தத் தூளில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ரெனவேஷன் வேலை செய்யும் அண்ணன் அந்த நேரத்தில் வந்தார். பார்த்ததும், “முதல்ல பிள்ளைய உள்ள அனுப்பு” என்றார். அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. சுவரிலோ கதவிலோ சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. தேய்த்துத் தூளாக்கினால் மூச்சிலும் கையிலும் போய்விடும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். ஈரத்துணியால் தரை முழுக்கத் துடைத்தோம், பிள்ளையைக் குளிப்பாட்டினோம். கதவு வெளியே போனது. மாமியாருக்கு மனசே இல்லை, எனக்கும்தான். மேசை இன்னும் செய்யவில்லை, சாப்பாட்டு மேசையில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

இதே கணக்கில் இன்னும் இரண்டு பொருட்களை வேண்டாம் என்று ஒதுக்கினோம். ஒன்று, பொம்மை போட்டு வைக்க உறவுக்காரர் தந்த நீலத் தோம்பு (பிளாஸ்டிக் பீப்பாய்). அது தோட்டத்தில் புல்லுக்கு மருந்து கலந்த தோம்பு. பாராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்துக்கு 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை வந்துவிட்டது, ஆனால் பழைய தோம்புகள் அங்கங்கே கிடக்கின்றன. பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து கழுவினால் போகும் என்று நம்பாதீர்கள். இன்னொன்று பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு. அதை அறுக்கவோ துளையிடவோ கூடாது, தூசு நுரையீரலுக்குப் போகும்.

சரி, செய்ததைச் சொல்கிறேன்.

கட்டிலுக்கு ஹார்ட்வேர் கடையில் இரண்டு பேலட், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டு, சும்மா கொடுத்தார்கள். அயல்நாட்டிலிருந்து சரக்கோடு வரும் பேலட்டின் பக்கவாட்டில் கதிர் மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அதில் ‘எச்டி’ (HT) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூடு காட்டிப் பூச்சியைக் கொன்ற மரம், அதாவது உட்பாகம்வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். ‘எம்பி’ (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷப் புகை போட்டது, அதை எடுக்காதீர்கள். முத்திரையே இல்லை, கறை வேறு இருக்கிறது என்றால் அதையும் விட்டுவிடுங்கள். எங்களுக்குக் கிடைத்தவை ஒவ்வொன்றும் 1.2 மீட்டருக்கு 1 மீட்டர். இரண்டையும் சேர்த்துப் போட்டால் 2 மீட்டர் நீளம், சிங்கிள் மெத்தை அழகாக உட்கார்ந்தது. ஒரு பக்கம் ஏறக்குறைய ஓர் அடி மிச்சம், அதில் கதைப் புத்தகங்களை அடுக்கிக்கொள்கிறாள். கட்டைகளுக்கு நடுவே காற்று போவதால் மெத்தையில் பூஞ்சை பிடிக்கவில்லை. துருத்திய ஆணிகளைப் பிடுங்கி, உப்புத்தாளில் முதலில் 80 எண், பிறகு 180, கடைசியில் 240 என்று தேய்த்தோம். கையை ஓட்டிப் பார்த்துச் சிராய் இல்லை என்று உறுதியான பிறகே வார்னிஷ்.

திரைச்சீலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அம்மாவின் பருத்திச் சேலை ஒன்று, கரையோரம் மட்டும் நன்றாக இருந்தது. சேலையை நெடுக்காகத் தொங்கவிடாமல் குறுக்காகப் பிடித்துப் பாருங்கள். சேலையின் அகலம் 45 அங்குலம். எங்கள் நாக்கோ கண்ணாடி ஜன்னல் மூன்றரை அடி உயரம். மேலே கம்பி நுழைய மூன்று அங்குலம் மடித்துத் தைத்தால் அளவு சரியாக வந்துவிடும். கீழ் ஓரம் மடிக்கவே வேண்டாம், சேலைக் கரையே அங்கே வந்து நிற்கும். பாதிச் சேலை ஜன்னலுக்குப் போதும். முந்தானை உள்ள மீதிப் பாதியைத் துணி அடுக்கும் தட்டுக்கு முன்னால் தொங்கவிட்டேன். தொங்கும் கயிறு மட்டும் வைக்காதீர்கள், பிள்ளையின் கழுத்தில் சிக்கும்.

பெயிண்ட் புதிதாகத்தான் வாங்கினேன். இங்கே காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பத்துக்குப் பத்து அறைக்கு, இரண்டு பூச்சுக்கு 5 லிட்டர் போதும். மழைக்காலத்தில் சுவரில் கறுப்புப் புள்ளி இருந்தால் முதலில் குளோராக்ஸை (பிளீச்சை) தண்ணீரில் கலந்து துடைத்து, இரண்டு நாள் காயவிட்டுப் பிறகு பூசுங்கள். அதோடு வினிகர், வேறு கழுவும் மருந்து எதையும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். பசார் மலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் ஒட்டும் வால்பேப்பர் நம் ஊர் ஈரத்துக்கு ஆகாது. அதன் பின்னாலேயே பூஞ்சை வளரும்.

கடைசியாக மாமியாரின் மங்குகள். பால் மரத்தில் கட்டும் அந்தப் பீங்கான் மங்குகளில் ஏழு அவரிடம் இருந்தன. உள்ளே காய்ந்திருந்த பாலை நகத்தால் நெம்பினால் ஒரே தோலாக உரிந்து வந்தது. அடி உருண்டை என்பதால் மேசையில் நிற்காது. அதனால் மரத்தில் அதைத் தாங்கிய கம்பியோடே ஒரு பலகையில் வரிசையாக மாட்டிவிட்டோம். ரப்பர், பென்சில் சீவும் கருவி, முடிக் கிளிப் எல்லாம் அதில்தான். எந்த உயரத்தில் கம்பி இருக்க வேண்டும் என்று மாமியார் பேத்தியைப் பக்கத்தில் நிறுத்தி, அவள் கையை நீட்டச் சொல்லிக் குறித்துக் கொடுத்தார்.

மொத்தச் செலவு 186 வெள்ளி. பெயிண்ட், வார்னிஷ், உப்புத்தாள், திருகாணி, பிறகு புத்தக அலமாரியைச் சுவரோடு சேர்த்து இறுக்க இரண்டு இரும்பு மூலைத் தகடு. பிள்ளைகள் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள், அந்தத் தகடு இல்லாமல் உயரமான அலமாரியை அறையில் நிறுத்தாதீர்கள்.