மலையேற ஒரு பழைய போலோ

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வால்பாறை, கோத்தகிரி என்று ஓட்டிவரப் பழைய ஃபோக்ஸ்வேகன் போலோ கார் தேடுகிறேன். 2015 ஜிடி டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) ஆட்டோமேட்டிக் ஒன்று, 2020 ஒரு லிட்டர் டிஎஸ்ஐ மேனுவல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கையில் 7 லட்சம். முதல் வண்டி மலிவு, மிச்சப் பணத்தில் ரீமேப் செய்து (எஞ்சினின் கணினி அமைப்பை மாற்றித் திறனைக் கூட்டி) பெரிய அலாய் வீல் போடலாம் என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்குவது?
– கோவை வாசகர்

பதில்: மேனுவல். பழைய ஜிடி நல்ல வண்டிதான், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், 105 குதிரைத்திறன், ஓட்டினால் இறங்க மனசு வராது. ஆனால் அதிலிருக்கும் ஏழு கியர் டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உலர் கிளட்ச் வகை, ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் சூடேறித் தேயும், கியரை மாற்றும் கட்டுப்பாட்டுப் பகுதியான மெக்கட்ரானிக்ஸ் போய்விட்டால் நீங்கள் மிச்சம் பிடித்த பணம் அதற்கே போய்விடும். அதுதான் வேண்டுமென்றால் அரை மணி நேரம் நகருக்குள் ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகும்போது உதறுகிறதா என்று பாருங்கள், ஏற்றத்தில் நிறுத்தி ரிவர்ஸ் எடுத்தும் பாருங்கள். 2020 வண்டியில் மூன்று சிலிண்டர்தான், ஆனாலும் 110 குதிரைத்திறன், முறுக்குவிசை பழையதைப் போலவே 175 நியூட்டன் மீட்டர், ஆறு கியர்.

எதை வாங்கினாலும் முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள், ஸ்டார்ட் ஆவதில் கோளாறு இருந்தால் அப்போதுதான் தெரியும். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் பானட்டைத் தொட்டாலே தெரிந்துவிடும், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ரீமேப்பை மறந்துவிடுங்கள். இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் செய்தால் க்ளெய்மில் சிக்கல், வாரன்டி மிச்சமிருந்தால் அதுவும் போச்சு. முதல் செலவு டயருக்கு. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரோடு மலையேற வேண்டாம். அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகி பெடல் பஞ்சு போல உள்ளே போகும். டாட் 4 தர பிரேக் ஆயிலைப் புதிதாக ஊற்றி, நல்ல பிரேக் பேட் மாட்டி, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இவ்வளவும் முடிந்து பணம் இருந்தால் அப்புறம் அலாய் பார்க்கலாம். 16 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள், நம் சாலைக் குழிகளுக்கு ரிம் வளைந்துவிடும்.

கேள்வி: என் பழைய ஸ்விஃப்ட்டைத் தாழ்த்தி லோயரிங் ஸ்பிரிங் போட்டால் கொல்லிமலை வளைவுகளில் நன்றாகத் திரும்புமா?
– சேலம் வாசகர்

பதில்: முதலில் பானட்டின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். வண்டி ஒருமுறை எழும்பி அடங்கிவிட வேண்டும், ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. அதன்மேல் கட்டை ஸ்பிரிங் போட்டால் திரும்பாது, குதிக்கும். கம்பெனி ஷாக், லோயர் ஆர்ம் புஷ் மாற்றி வீல் அலைன்மென்ட் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும். ஊருக்குள் வேகத்தடைகள் இருக்கிற உயரத்தைப் பார்த்தால் வண்டியைத் தாழ்த்துவது ஆகிற காரியமில்லை.

கேள்வி: பாலக்காட்டில் வண்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: விலையோடு தமிழ்நாட்டு ஆயுள் வரியைக் கூட்டிப் பாருங்கள், மலிவு காணாமல் போகலாம். அப்படியும் கட்டுப்படியானால் படிவம் 28-இல் என்ஓசி (தடையில்லாச் சான்று) கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். கடன் பாக்கி, இ-சலான் இரண்டையும் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பாருங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், விற்றவரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் எடுக்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.