கிரீன் கார்டில் எஃப்என்யு என்று இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் பெயரைச் சரிசெய்ய வேண்டுமா? இதனால் தாமதமாகுமா?

பாஸ்போர்ட் எடுத்தபோது முழுப் பெயரையும் கிவன் நேம் கட்டத்தில் எழுதிவிட்டு, சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பீர்கள். நானும் 2003-இல் அதைத்தான் செய்தேன். அமெரிக்க விசா அச்சடிக்கும்போது அது இடம் மாறிவிடும். நம் பெயர் சர்நேம் ஆகிவிடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்ற மூன்றெழுத்து வந்துவிடும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அப்பா அம்மா யோசித்து யோசித்து வைத்த பெயர் தாளில் முழுதாக இருக்கும்போதே 'தெரியவில்லை' என்று எழுதுவார்கள். பதின்மூன்று வருடம் அதோடு வாழ்ந்தவன் என்பதால் உங்கள் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. குடியுரிமைக்கான என்-400 படிவத்திலேயே பெயர் மாற்றம் கேட்கலாம், அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. ஆனால் அப்படிக் கேட்டால் குடியுரிமை உறுதிமொழியை நீதிமன்றத்தில்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் பெயரை மாற்றும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. குடிவரவு அலுவலகமே நடத்தும் விழாவில் அது முடியாது. நீதிமன்ற விழா எல்லா ஊரிலும் அடிக்கடி நடப்பதில்லை, அதனால் காத்திருப்பு கூடலாம். நான் வழக்கறிஞர் இல்லை. கைதாகியிருந்தாலோ வரி பாக்கி இருந்தாலோ என் அனுபவத்தை நம்பிப் போகாதீர்கள், நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனி என் கதை. என் பெயர் எழில்வேந்தன், அப்பா பெயர் மாணிக்கம். பள்ளியில் மா. எழில்வேந்தன். 2006-இல் வேலை விசாவில் வந்தேன். அலுவலகத்தில் எனக்கு உருவாக்கிய மின்னஞ்சல் முகவரி எஃப்என்யு என்றுதான் தொடங்கியது. ஒரு மருத்துவமனையில் காத்திருப்போர் அறைக்கு வந்த செவிலியர் 'ஃபனு' என்று நாலு முறை கூப்பிட்டார். அது நான்தான் என்று எனக்கே புரியவில்லை, என் முறை போய்விட்டது. 'பெயரில் என்ன இருக்கிறது, இதையெல்லாம் பெரிதாக்குகிறீர்களே' என்று யாராவது கீழே எழுதக்கூடும். குழந்தையை ஜுரத்தோடு தூக்கிக்கொண்டு போன இடத்தில் அப்பாவின் பெயரை நிரூபிக்க மூன்று அட்டைகளை நீட்டிப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

கிரீன் கார்டு 2013-இல் வந்தது. 5 வருடம் முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் 2018 தொடக்கத்தில் அனுப்பினேன். அப்போது கட்டணம் கைரேகைக்கும் சேர்த்து 725 டாலர். (2024 ஏப்ரலில் மாற்றினார்கள்: இணையத்தில் 710, தாளில் 760.) படிவம் நிரப்ப நம் ஊர்க்காரர் ஒருவரிடம் போனேன். நல்ல மனிதர்தான், நிறையப் பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறார். பெயர் மாற்றப் பகுதி வந்ததும், "உங்க வீட்டுக்கு ஒரு பட்டம் இருக்குமே சார், அதையே லாஸ்ட் நேமா போட்டுடலாமே. மத்த ஸ்டேட்காரங்க எல்லாம் அப்படித்தானே வெச்சிருக்காங்க" என்றார்.

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. என் தாத்தா அந்தப் பட்டத்தை விட்டவர். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தக் காற்று எங்கள் வீட்டுக்கு வந்து சேரச் சில வருடங்கள் ஆனாலும் தாத்தா அந்தக் கொள்கையைக் கடைசிவரை கைவிடவில்லை. நிலப் பத்திரத்தில்கூட வெறும் பெயரோடு கையெழுத்துப் போட்டவர். நமக்கு சர்நேம் இல்லாதது ஒரு குறை என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விட்டவர்கள் தெரிந்தேதான் விட்டார்கள். ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக அதைத் திரும்ப ஒட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முதல் பெயர் எழில்வேந்தன், கடைசிப் பெயர் மாணிக்கம் என்று போடச் சொன்னேன். பட்டம் போட்டுக்கொண்ட நண்பர்கள் எனக்கும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மாணிக்கம் என்பதற்கு ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்ற பிரச்சினை அப்புறம் வந்தது. என் டிகிரி சான்றிதழில் 'கே' மட்டும், அப்பாவின் கையெழுத்தில் 'சி', 'கே' இரண்டும். இரவில் போன் போட்டு, "பென்ஷன் புத்தகத்துல எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அதையே எழுதினேன். நீங்களும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அப்பாவின் ஆவணத்தில் ஒன்றும் நம்முடையதில் இன்னொன்றுமாக இருந்தால் பின்னால் சொத்து, வாரிசு என்று வரும்போது அலைய வேண்டியிருக்கும்.

நான் செய்த தவறு வேறு இடத்தில். 'இதுவரை பயன்படுத்திய வேறு பெயர்கள்' என்று படிவத்தில் ஒரு பகுதி உண்டு. நான் பெயர் மாற்றியதில்லையே, எல்லாம் ஒரே பெயர்தானே என்று காலியாக விட்டேன். 2018 டிசம்பரில் நேர்காணல். குடியியல் கேள்விகள் எளிதாகப் போயின. (அப்போது 10-இல் 6 சரியாகச் சொன்னால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 20-இல் 12.) அதற்குப் பிறகு அந்த அதிகாரி என் பழைய கோப்பைப் பிரித்தார். முதல் விசாவுக்குக் கொடுத்த டிகிரி நகல் முதல் எல்லாம் அதில் இருந்தது. டிகிரியில் இனிஷியலோடு ஒரு பெயர், திருமணச் சான்றிதழில் 'ழ'வுக்கு வெறும் 'எல்', பாஸ்போர்ட்டில் 'இஸட்-எச்', கிரீன் கார்டில் எஃப்என்யு. நமக்கு இவை ஒரே பெயர். ஆங்கில எழுத்தை வைத்துத் தேடுபவர்களுக்கு நாலு ஆள். விண்ணப்பதாரரின் பெயரை எஃப்பிஐ பதிவுகளிலும் தேடிச் சரிபார்ப்பார்கள் என்பதால், எழுத்து மாறினால் தேடலும் மாறும். அவர் ஒவ்வொன்றையும் படிவத்தில் கையால் எழுதிச் சேர்த்து என்னிடம் கையெழுத்து வாங்கினார். பெயர் மாற்ற மனுவிலும் வாங்கினார். அன்றைக்கு முடிவு சொல்ல முடியாது, சரிபார்க்க வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்து அனுப்பிவிட்டார். தவிர்த்திருக்கக்கூடிய தாமதம்.

அதற்குப் பின் வந்த மாதங்களில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளை மறக்க முடியாது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "எனக்கு நாலே மாசம்தான் ஆச்சு, உங்க கேஸ்ல ஏதோ இருக்கு" என்று எழுதினார். பெயரும் எழுத்தும் குறையில்லாமல் அமைந்த பெரும்பாலோருக்குச் சீக்கிரம் முடியும். அமையாதவன் எதையோ மறைக்கிறான் என்று பத்துப் பேர் முன்னால் எழுதுவது பெரிய கொடுமை.

பெயராவது பரவாயில்லை. என் அண்ணனைப் பள்ளியில் சேர்த்தபோது வயது பத்தவில்லை என்று தலைமையாசிரியர் தாமாகவே ஒரு பிறந்த தேதியைப் போட்டுவிட்டார். உண்மையான தேதிக்குப் பதினோரு மாதம் முன்னால். இன்று அண்ணன் அரசு வேலையில் இருக்கிறார், அந்தப் பதினோரு மாதச் சம்பளம் போகப்போகிறது. மாற்றக் கேட்டுப் போன இடத்தில் எல்லாம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதுதான் கணக்கு என்கிறார்கள். ஒரு பிள்ளையின் தாளில் பேனாவை வைப்பவர்கள் அது அறுபது வயதுவரை கூடவே வரும் என்று நினைத்துப் பார்க்க வேண்டாமா? உங்கள் கேள்விக்கு இது சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் எப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, தாமதத்துக்கு வருகிறேன். நேர்காணல் நடந்து 120 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மனுப் போடச் சட்டம் இடம் தருகிறது. 1447(பி) மனு என்பார்கள். அதற்கு வழக்கறிஞர் செலவு பெரிது. அதனால் அதற்கு முன்பு, 2019 மே மாதம், எங்கள் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதினேன். என் கோப்பைப் பற்றி அவர்கள் விசாரிக்கலாம் என்று ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். இது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது, சிபாரிசு பிடிப்பது கிடையாது. தொகுதி மக்களுக்கு இப்படி உதவுவது அந்த அலுவலகங்களின் அன்றாட வேலை. அவர்கள் விசாரித்ததால் நகர்ந்ததா, தானாகவே நகரும் நேரம் வந்ததா, எனக்குத் தெரியாது. ஜூனில் கடிதம் வந்தது. ஜூலையில் நீதிமன்றத்தில் உறுதிமொழி.

கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு குடியுரிமைச் சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். அந்த இடத்திலேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பிழையைக் கண்டால் என்-565 என்ற இன்னொரு படிவம், இன்னொரு காத்திருப்பு. நீதிமன்ற முத்திரையோடு தரும் பெயர் மாற்ற நகலைப் பத்திரமாக வையுங்கள். அங்கேயும் பெயரை மாற்றச் சமூகப் பாதுகாப்பு (சோஷியல் செக்யூரிட்டி) அலுவலகத்துக்குப் பத்து நாள் கழித்துப் போங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவும் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வாங்கவும் பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்ட அந்த நகல்தான் எனக்குக் கைகொடுத்தது.

பிள்ளைகள் இருந்தால் இன்னொன்று. 18 வயதுக்குள் கிரீன் கார்டோடு உங்களுடன் இருக்கும் பிள்ளைக்கு நீங்கள் குடியுரிமை பெற்ற அன்றே தானாகக் குடியுரிமை வந்துவிடும். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அது. என் மகளின் சர்நேம் எழில்வேந்தன், எனக்கு இப்போது அது முதல் பெயர். அவள் பாஸ்போர்ட்டுக்குப் போனபோது பிறப்புச் சான்றிதழில் உள்ள அப்பாவும் நானும் ஒருவரே என்று காட்ட அதே நகலைத்தான் நீட்டினேன்.

உங்களுடைய டிகிரி, திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், முதல் விசாத் தாள்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு மேசையில் பரப்புங்கள். பெயர் எத்தனை விதமாக எழுதியிருக்கிறதோ, ஓர் எழுத்து வித்தியாசமானாலும், இனிஷியல் மட்டும் மாறினாலும், அத்தனையையும் அந்த 'வேறு பெயர்கள்' பகுதியில் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் தனித்தாள் சேர்க்கலாம்.