டியூ முடியாத காரைக் கைமாற்றலாமா?

கேள்வி: பாலக்கோட்டில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் 7 லட்சம் ரூபாய் கடனில் சிறிய கார் வாங்கினேன். 9.5% நிலையான வட்டி, 84 மாதத் தவணை. 36 தவணை கட்டிவிட்டேன். மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். மாதம் இரண்டு முறை பெங்களூரு மருத்துவமனைக்குப் போகிறோம். அதனால் ஏழு பேர் அமரும் வண்டிக்கு மாற நினைக்கிறேன். கடனை முன்கூட்டியே முடித்தால் 4% கட்டணம் என்கிறார்கள். ரிசர்வ் வங்கி அதை ரத்து செய்துவிட்டதாகப் படித்தேனே? பழைய காருக்கு ஷோரூமில் 5,25,000 ரூபாய் தருகிறார்கள். ஓசூரைச் சேர்ந்த ஒருவர், “கையில் 1,25,000 தருகிறேன், மீதி டியூவை நானே கட்டிக்கொள்கிறேன், முடிந்ததும் ஆர்.சி.யை மாற்றிக்கொள்ளலாம்” என்கிறார். எது நல்லது?

பதில்: நீங்கள் பயப்படுவது 4% கட்டணத்துக்கு. எனக்குப் பயம் தருவது ஓசூர்க்காரர் சொல்லும் வழி. தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அவர் சொல்வதன் பொருள், இன்னும் நான்கு ஆண்டுகள் கார் அவரிடமும் கடன் உங்களிடமும் இருக்கும் என்பதுதான். அவர் இரண்டு டியூ தவறினால் வசூலுக்கு ஆள் வருவது பாலக்கோட்டுக்கு. கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண் குறைவதும் உங்களுக்கு. விபத்து நடந்தால் இன்னும் மோசம். பல கை மாறிய கார் ஒன்றின் விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று உறவினர்கள் சொல்வார்கள். அந்தத் தாள் உங்கள் இருவருக்கும் இடையிலானது. கடன் கொடுத்தவரையோ விபத்தில் அடிபட்டவரையோ அது கட்டுப்படுத்தாது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். உங்கள் டியூ சுமார் 11,441 ரூபாய். 36 தவணை போக அசல் பாக்கி ஏறக்குறைய 4,55,400. அதில் 4% கட்டணமும் அதன் மீது 18% ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 21,500. ஆக 4,76,900 கட்டினால் கடன் தீரும். ஷோரூம் விலைக்குக் கொடுத்தால் கையில் 48,100தான் மிஞ்சும். அதனால்தான் ஓசூர்க்காரரின் 1,25,000 பெரிதாகத் தெரிகிறது. ஆனால் பாக்கி அசலையும் சேர்த்தால் அவர் காருக்கு மதிப்பிடும் விலை 5,80,400. அந்த விலையை அவர் முறைப்படி கொடுக்கட்டும்: 4,76,900 ரூபாயை நேராக உங்கள் கடன் கணக்கில் செலுத்தட்டும், மீதி 1,03,500 ரூபாயைப் பெயர் மாற்றத்தின்போது உங்களிடம் தரட்டும். கையில் பணம் இல்லையென்றால் பழைய கார் வாங்கக் கிடைக்கும் கடனை அவர் பெயரில் வாங்கட்டும். இரண்டுக்கும் மறுத்தால் காரை ஷோரூமுக்கே கொடுங்கள். உங்கள் நிம்மதிக்கு அந்த 55,400 ரூபாய் வித்தியாசம் அதிகமில்லை.

ரிசர்வ் வங்கி உத்தரவு பற்றி நீங்கள் படித்தது பாதி சரி. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களை, தொழில் அல்லாத தேவைக்கு வாங்கிய தனிநபர் முன்கூட்டி முடித்தால் கட்டணம் கிடையாது. உங்களுடையது அதற்கு முந்தைய நிலையான வட்டிக் கடன், அதனால் ஒப்பந்தத்தில் உள்ளபடிதான். இருந்தாலும் ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பக்கத்தை நீங்களே படியுங்கள். சில ஒப்பந்தங்களில் ஆண்டு கூடக்கூடக் கட்டணம் குறையும். ஓரிரு மாதம் பொறுத்தால் அடுத்த படிக்கு இறங்கக்கூடும்.

எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினால் கடன் தீரும் என்ற முன்முடிவுக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டியதும் தடையின்மைச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35-ம் (கடன் பதிவை நீக்கும் படிவம்) தருவார்கள். 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். அந்தத் தாள்களோடு உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலுள்ள ஹைப்பாதிகேஷனை, அதாவது கார் கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற பதிவை, நீக்குங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்குபவர் எல்லை தாண்டி கர்நாடகத்தில் பதிவு செய்வதாக இருந்தால் வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லை என்பதற்கான படிவம் 28-ம் வேண்டும். வங்கியிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை உத்தரவையும் மறக்காமல் ரத்து செய்யுங்கள். காப்பீட்டில் இதுவரை கோரிக்கை எதுவும் வைக்கவில்லை என்றால் நோ கிளைம் போனஸ் உங்களுடையது, காருடன் போகாது. அதற்கான சான்றை வாங்கிவைத்தால் புது வண்டியின் பிரீமியத்தில் கழியும்.

ஒரு விஷயம் மட்டும் மனத்தை உறுத்துகிறது. உங்கள் முதல் டியூவில் வட்டி மட்டும் 5,542 ரூபாய். இப்போது அது 3,600 அளவுக்கு இறங்கிவிட்டது. புதுக் கடன் வாங்கினால் மறுபடியும் வட்டி அதிகம் போகும் தொடக்க மாதங்களுக்கே போய்விடுவீர்கள், அதுவும் பெரிய தொகையில். மருத்துவமனைக்குப் போகும் அந்த இரண்டு நாளுக்கு மட்டும் பெரிய வாடகை வண்டி எடுத்தால் மாதம் என்ன ஆகும் என்று முதலில் கணக்கிடுங்கள். அதையும் பார்த்த பிறகு வாங்குவதே சரி என்று தோன்றினால் நான் தடுக்க மாட்டேன்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் அப்பாவையும் சக்கர நாற்காலியையும் ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். ஏழு பேர் வண்டிகளில் மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் பல வண்டிகளில் பின்னால் ஒரு பை வைக்கத்தான் இடம் இருக்கும். தரை உயர்ந்த வண்டியில் ஏறுவது அறுவை சிகிச்சை செய்த மூட்டுக்கு வலிக்கும். அவர் ஏறி உட்கார்ந்து இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.